பாட்டன் இருந்தது எந்தப் பட்டாளம்?

கோலா பிலாத் தோட்டப்புறங்களில் பழங்குடும்பத்தார் பேச்சைக் கேட்டிருப்போர்க்கு, "எங்கள் பாட்டன் பட்டாளத்தில் இருந்தவர்" என்னும் சொற்றொடர் புதியதன்று. சில வீடுகளில் அதற்குச் சான்றாக ஒரு பதக்கம் பெட்டிக்குள் கிடக்கும். சில வீடுகளில் மங்கிப்போன நிழற்படம் ஒன்று சுவரில் தொங்கும். பல வீடுகளில் அந்தச் சொல் ஒன்றே மிச்சம். பாட்டனைக் கண்டவர்களும் மறைந்துவிட்ட நிலையில், பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்குகின்றனர். எந்தப் பட்டாளம்? எந்த ஆண்டு? அவர் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றதா? வெள்ளைக்காரன் எதையும் எழுதிவைப்பவன் ஆயிற்றே; இலண்டனில் தேடினால் கிடைக்காதா?

வெள்ளைக்காரன் எழுதிவைப்பவன் என்பது உண்மைதான். ஆனால் யாரைப் பற்றி எழுதினான், யாரைப் பற்றி எழுதாமல் விட்டான் என்பதை அறியாமல் தேடுகின்றவர்கள் பணத்தையும் காலத்தையும் இழந்து சோர்ந்து போகின்றனர். பிரிட்டிஷ் படையில் இருந்த முன்னோரைத் தேடுவதற்கென எழுதப்பட்ட வழிகாட்டிகள் பலவும் வெள்ளைச் சிப்பாயின் பேரப்பிள்ளைக்கு எழுதப்பட்டவை. தமிழ்ச் சிப்பாயின் பேரப்பிள்ளை அவ்வழியே போனால் பாதித் தொலைவில் சுவரில் முட்டிக்கொள்வான். அவனுக்குரிய வழி வேறு. அதனைக் கூடியவரையில் இங்கே வரைந்து காட்டுவோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'பட்டாளம்' என்பது ஐரோப்பியர் வாயிலாகத் தமிழுக்கு வந்த சொல். 'பெட்டாலியன்' என்னும் சொல்லுக்கு உறவு. அதனோடு சேர்ந்து வழங்கும் சிப்பாய், சுபேதார், அவில்தார் முதலியன பாரசீக வழி வந்தவை. துப்பாக்கி துருக்கியச் சொல். தமிழன் தன் பழைய படைச் சொற்களாகிய தானையையும் தளத்தையும் இலக்கியத்திலே வைத்துவிட்டு, சம்பளம் வாங்கிய படைக்கு வந்தேறு சொற்களையே வழங்கினான். 'பட்டாளம்' என்று வழங்கியபோது அவன் வேறுபாடு பார்க்கவில்லை. கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையும் பட்டாளந்தான். பின்னர் முடியரசின் கீழ் வந்த இந்தியப் படையும் பட்டாளந்தான். மெசபொட்டேமியாவுக்கு மண் வெட்டப் போன தொழிலாளர் அணியும், மலாய் நாட்டுத் தொண்டர் படையும், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் குடும்பப் பேச்சில் பட்டாளமே. இவை ஒவ்வொன்றின் காகிதமும் ஒவ்வோர் இடத்தில் இருக்கின்றது. சிலவற்றுக்குக் காகிதமே இல்லை. ஆதலின் ஆளின் பெயரைத் தேடுவதற்கு முன்னரே படையின் பெயரைத் தேடவேண்டும்.

கோலா பிலாவில் இருந்துகொண்டே இதனைத் தொடங்கலாம். சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் பழைய சாலை புக்கிட் புத்துஸ் கணவாயின் வழியே மலையேறி இறங்குவதை யாவரும் அறிவர். 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் இக்கணவாயில் ஒரு சண்டை நடந்தது. சுங்கை ஊஜோங் தலைவருக்குத் துணையாக வந்த ஆங்கிலேயர், ஸ்ரீ மெனாந்தியின் யாம் துவான் அந்தாவின் ஆட்கள் கணவாயில் கட்டியிருந்த மரக்கோட்டையைத் தாக்கினர். முன்னே பாய்ந்து சென்றவர் முதலாம் கூர்க்காப் படையைச் சேர்ந்த கேப்டன் சானர். அதற்காக அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வகித்த பதவிகள் யாவும் இன்று எந்த நூலகத்திலும் கிடைக்கும். அவரோடு கோட்டைக்குள் பாய்ந்த கூர்க்கா வீரர்களின் வரலாற்றைத் தேடுபவர்க்கு அவ்வளவு எளிதில் எதுவும் கிடைப்பதில்லை.

அதே 1875-76 போருக்காக இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படையில் மதராஸ் சாப்பர் என்னும் சுரங்கம் வெட்டும் படையினர் ஓர் அணியாக வந்தனர். பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், மரக்கோட்டையைத் தகர்த்தல் ஆகியவை இவர்கள் தொழில். 1780-இல் தொடங்கிய இப்படையில் தமிழர் மிகுதி. இவர்களை வெள்ளை அதிகாரிகள் 'தம்பி' என்றே அழைத்தனர். இன்றும் இந்தியப் படையில் அவர்களுக்கு அப்பெயர் நிலைத்திருக்கின்றது. அப்போரில் பங்குகொண்டவர்க்கு இந்தியப் பொதுப்பணிப் பதக்கம், 'பேரா' என்று பொறித்த பட்டியுடன் அளிக்கப்பட்டது. அப்பதக்கத்தின் விளிம்பில் பெற்றவன் பெயரும் பதவியும் படையும் வெட்டப்பட்டிருக்கும். பெட்டிக்குள் கிடக்கும் பதக்கத்தின் முகத்தில் இருக்கும் அரசியின் தலையை எல்லாரும் பார்க்கின்றனர். விளிம்பைத் திருப்பிப் பார்ப்பவர் சிலரே. தேடுபவனுக்கு விளிம்புதான் முதல் ஆவணம்.

இனி, புக்கிட் புத்துஸ் சண்டைக்கு நாற்பதாண்டுக்கு முன்னரே தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் இவ்வட்டாரத்தின் எல்லைக்கு வந்துவிட்டனர். ஒன்பது மாநிலக் கூட்டோடு தொன்மைத் தொடர்புடைய நானிங் நாடு ரெம்பாவுக்குத் தெற்கே மலாக்காவை ஒட்டிக் கிடப்பது. அதன் தலைவர் டோல் சயித் கும்பினிக்கு வரி கட்ட மறுத்தார். 1831-இல் 29-ஆம் சென்னைச் சுதேசிக் காலாட்படையின் சிப்பாய்கள் சுமார் 150 பேர் இரண்டு சிறு பீரங்கிகளோடு அனுப்பப்பட்டனர். காட்டில் வழி மறிக்கப்பட்டு, பீரங்கிகளைப் பயன்படாதவாறு ஆக்கிப் போட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்பினர். அடுத்த ஆண்டு 5-ஆம் சென்னைக் காலாட்படையும் சாப்பர்களும் சேர்ந்த பெரும்படை வந்தது. காட்டை இருமருங்கும் வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறி, 1832 ஜூன் நடுவில் தாபோவைப் பிடித்தது. சில மைல் தொலைவைக் கடக்க மாதக்கணக்கு ஆயிற்று. கோடரியும் மண்வெட்டியும் பிடித்த கைகள் யாருடையவை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. மலாய் மண்ணில் இரப்பர் மரம் தோட்டப் பயிராக வேரூன்றியது 1896-க்குப் பின்னர். அதற்கு அறுபது ஆண்டு முன்னரே தமிழன் இங்கே காடு வெட்டியிருக்கின்றான், சிவப்புச் சட்டை அணிந்துகொண்டு.

இப்போரைப் பற்றி இருவர் நூல் எழுதினர். ஒருவர் சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் பெக்பி. அவருடைய மலாயாத் தீபகற்ப நூல் 1834-இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. மற்றவர் 23-ஆம் சென்னை இலேசுக் காலாட்படையின் நியூபோல்டு; அவருடைய இரு தொகுதி நூல் 1839-இல் இலண்டனில் வெளிவந்தது. நெகிரி செம்பிலான் வரலாறு எழுதுவோர் இன்றும் இவ்விருவரையும் விட்டு ஓரடி நகர முடியாது. நானிங் தலைவர்களின் பெயரும், ரெம்பாவின் குலங்களும், வழக்கங்களும் இவற்றில் விரிவாக உள்ளன. காட்டில் நனைந்த சிப்பாய்களைப் பற்றி இவர்கள் எழுதும்போது மட்டும் பெயர் மறைந்து எண்ணிக்கையாகி விடுகின்றது. இத்தனைச் சிப்பாய் மாண்டனர், இத்தனைச் சிப்பாய் காயமுற்றனர், அவ்வளவே.

இது நூலாசிரியர் இருவரின் குறை மட்டுமன்று. எழுதிவைக்கும் முறையே அப்படி அமைந்தது. இதனை விளக்க, சென்னைப் படையில் அருகருகே நின்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் அயர்லாந்திலிருந்து வந்து சென்னை ஐரோப்பியப் படையில் சேர்ந்தவன். மற்றவன் செங்கற்பட்டிலிருந்து வந்து காலாட்படையில் சேர்ந்தவன். முதல்வனுடைய பெயர், பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தான், எப்போது மாண்டான் என்பன ஆண்டுதோறும் படியெடுக்கப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவன் திருமணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும்கூடச் சென்னைத் திருச்சபைப் பதிவுகளில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தன. இவை யாவும் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் என்ற பெயரில், 1982 முதல் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அயர்லாந்துக்காரனின் கொள்ளுப் பேரன் அரைநாளில் தன் பாட்டனைக் கண்டுபிடிப்பான்.

செங்கற்பட்டுக்காரனின் பெயர் கப்பலேறவில்லை. கும்பினி அவனுக்குச் சம்பளம் கொடுத்ததே அன்றி, அவன் யாரென்று இலண்டனுக்குத் தெரிவிக்க வேண்டிய தேவை காணவில்லை. இத்தனை சிப்பாய், இத்தனை நாயக், இத்தனை அவில்தார் என்ற தொகை போதுமானதாக இருந்தது. சுபேதார், ஜமேதார் ஆகிய இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சிட்ட படைப் பட்டியல்களில் இடம்பெறலாயின. சாதாரணச் சிப்பாய்க்கு அந்தப் பேறும் இல்லை.

அப்படியாயின் அவன் பெயர் எங்கேதான் எழுதப்பட்டது? அவனுடைய ரெஜிமெண்டிலேயே எழுதப்பட்டது. ஒவ்வொரு ரெஜிமெண்டும் ஒரு பெரிய பெயரேடு வைத்திருந்தது. சேர்ந்த நாள், வயது, உயரம், சாதி, ஊர், தாலுகா, ஜில்லா என்று அதில் கட்டங்கள் இருக்கும். அந்த ஏடு படையோடு பாசறை பாசறையாகப் பெட்டியில் பயணம் செய்தது. படை இருந்தவரை ஏடும் இருந்தது. படை கலைந்தபோது ஏடு அனாதையாயிற்று. இதுதான் தமிழ்ச் சிப்பாயின் பேரப்பிள்ளை முட்டிக்கொள்ளும் சுவர்.

கலைந்தவை கொஞ்சமல்ல. 1881 முதல் 1885 வரை சென்னையில் தளபதியாக இருந்து, பின்னர் இந்தியாவின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஆகாதவர் என்று தீர்மானித்தார். போர்க்குடிகள் என்று சிலரை உயர்த்தியும் பிறரைத் தாழ்த்தியும் பேசிய அந்தக் கொள்கை, அறிவுக்குப் பொருந்தாதது என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அன்று அது படைகளையே மாற்றிவிட்டது. நானிங்குக்கு வந்த 29-ஆம் படையின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1890-களில் அதிலிருந்த தென்னாட்டார் விலக்கப்பட்டுப் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டனர். 'மதராஸ்' என்ற பெயர் மட்டும் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1903-இல் கிச்சனர் பிரபு இந்தியப் படை முழுவதையும் புதிதாக எண்ணிட்டபோது, சென்னைப் படைகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார். எனவே 29 என்பது 89 ஆயிற்று. பெயரும் 89-ஆம் பஞ்சாபியர் படை என்று மாறிற்று. 1922-இல் அதுவே 8-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாளமாயிற்று. அந்தப் பட்டாளந்தான் 1942 ஜனவரி தொடக்கத்தில் பேராவின் கம்பார் மேட்டில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. 1947-இல் நாடு பிரிந்தபோது அந்த ரெஜிமெண்டு பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1956-இல் பலூச் ரெஜிமெண்டோடு இணைந்தது.

ஆக, 1831-இல் நானிங் காட்டில் நின்ற சிப்பாயின் படைமரபைப் பிடித்துக்கொண்டு போகும் பேரன், இறுதியில் ஒரு பாகிஸ்தான் படையின் வாசலில் போய் நிற்பான். இதனை அறியாதவன் 29 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இந்தியாவில் எங்கெங்கோ தேடி அலைவான்.

நியூபோல்டின் 23-ஆம் படையோ 83-ஆம் வாலாஜாபாத் இலேசுக் காலாட்படை ஆயிற்று. 1922-இல் 3-ஆம் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. அந்த ரெஜிமெண்டின் நிலைப்படைப் பட்டாளங்களும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலைக்கப்பட்டன. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கி, 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்காத் துறைமுகத்தில் இறங்கிய 63-ஆம் படையும் அதே காலத்தில் மறைந்தது. மதராஸ் பயனியர் படை 1933-இல் போயிற்று. உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்ட பிறகுதான், 1941-இல், மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினர். இடையில் ஒருபோதும் கலையாமல் வந்தவர்கள் சாப்பர்கள் மட்டுமே. ஆதலால் பாட்டன் சாப்பராக இருந்தால் பேரன் நற்பேறு உடையவன். பெங்களூரிலுள்ள அவர்களின் மையம் தொடர்ச்சியறாத மரபுடையது. 1941-க்குப் பிற்பட்ட மதராஸ் ரெஜிமெண்டுக்காரர்க்கு நீலகிரியில் வெல்லிங்டன். இவ்விரண்டுக்கும் எழுதுகிறவர் பாட்டனின் படை எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். பெயர் மட்டும் போதாது; ஏன் போதாது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கின்றது. சென்னை அரசாங்கத்தின் படைத்துறை நடவடிக்கைகள் 1752 முதல் அங்கே உண்டு. மாகாணப் படைகள் 1895-இல் ஒன்றாக்கப்படும் வரை அவ்வரிசை நீள்கின்றது. அங்கே சாதாரணச் சிப்பாயின் பெயர் வருவது சில வேளைகளில்தான். அவன் சிறப்பாக வீரம் காட்டியிருந்தால் வரும். குற்றம் செய்து விசாரணைக்கு நின்றிருந்தால் வரும். காயமுற்று ஓய்வூதியம் கேட்டிருந்தால், அல்லது அவன் இறந்து மனைவி விண்ணப்பித்திருந்தால் வரும். இருபது ஆண்டு ஒழுங்காகக் காவல் நின்று வீடு திரும்பியவன் பெயர் வருவதேயில்லை. வரலாறு ஒழுங்கானவர்களிடம் காட்டும் நன்றி இப்படிப்பட்டது. காப்பகத்துக்குப் போகுமுன் வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றையும், விபார்ட்டு எழுதிய மதராஸ் சாப்பர் வரலாற்றையும் புரட்டிச் செல்லுதல் நன்று. இரண்டும் 1880-களில் வெளிவந்தவை. எந்தப் படை எந்த ஆண்டில் மலாக்காவில் இருந்தது, எப்போது பினாங்குக்கு மாறிற்று என்பவற்றை அவற்றில் அறியலாம். ஆண்டு தெரிந்தால்தான் எழும்பூரில் எந்தக் கட்டைக் கேட்பது என்பது தெரியும்.

சென்னைப் படைக்கே உரிய ஒரு வழக்கம் தேடுபவர்க்கு உதவும். பணியிலிருக்கும் சிப்பாயின் மகனையும், இறந்த சிப்பாயின் மகனையும் சிறுவயதிலேயே குறைந்த சம்பளத்தில் 'ரெக்ரூட் பையன்' என்று சேர்த்துக்கொள்வர். வளர்ந்தபின் அவன் அதே படையில் சிப்பாயாவான். இதனால் ஒரே ரெஜிமெண்டில் தந்தை, மகன், பேரன் என்று தொடர்ந்து வந்த குடும்பங்கள் உண்டு. ஒருவனைக் கண்டுபிடித்தால் மேலும் இருவர் கிடைக்கக்கூடும். கடல் கடந்து போகும் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலிருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி எழுதித்தரும் சீட்டும் வழக்கில் இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழைய ஓலைக்கட்டுகளோடு அத்தகைய சீட்டு ஒன்று கிடந்தால், அதன் மதிப்பு உடையவர்க்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு சொல்லாராய்ச்சியை இவ்விடத்தில் செருகுவதற்கு வாசகர் பொறுத்தருள்க. சிப்பாய்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 'சிப்பாய் லைன்' என்ற இடப்பெயர் உண்டு. தோட்டத்து வரிசை வீட்டுக்கும் அதே 'லைன்' என்ற பெயர் வந்தது. விடியற்காலையில் தொழிலாளர் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடத்தைத் தோட்டத்தார் 'பெரட்டு' என்பர். அது படையின் 'பரேடு' அன்றி வேறில்லை. துரைமார் படையின் ஒழுங்கைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தனர் என்பதைச் சொற்களே காட்டுகின்றன. பட்டாளத்துக்குப் போகாத தமிழனும் ஒருவகையில் பட்டாளத்தில்தான் வாழ்ந்திருக்கின்றான்.

இனிப் பெயர்ச் சிக்கல். தமிழாசிரியர்கள் உதவக்கூடிய இடம் இதுவே. பெயரேட்டை எழுதியவர் ஆங்கிலேயர் அல்லது படை எழுத்தர். சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர். முனுசாமி 'மூனிசாவ்மி' ஆவார். வீராசாமி, இராமசாமி எல்லாருடைய சாமியும் 'சாவ்மி' ஆகும். ழகரமும் ளகரமும் லகரமும் ஓரெழுத்தாய் ஒடுங்கும். கந்தனும் காந்தனும் ஒருவராகிவிடுவர். ஊர்ப்பெயர்களோ கேட்கவே வேண்டாம். தஞ்சாவூர் 'டான்ஜோர்', திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபொலி', செங்கற்பட்டு 'சிங்கிள்புட்', பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா', தரங்கம்பாடி 'டிராங்குபார்'. பெரிய ஊர்களுக்கே இந்தக் கதியென்றால் குக்கிராமங்களின் நிலை எப்படியிருக்கும்? தமிழ் ஒலியை நன்கு அறிந்தவர், ஆங்கில எழுத்தில் கிடக்கும் அந்தச் சிதைவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், சில வேளை ஊர் தானே வெளிப்படும். வெறும் எழுத்தை ஒப்பிடுபவனுக்கு அது அகப்படாது.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லாமை அடுத்த தடை. வெள்ளையன் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஐந்து தலைமுறை ஏறிவிடுகின்றான். நமக்கோ தந்தை பெயர் முதலெழுத்தாகி, மகனிடத்தில் அதுவும் மறைகின்றது. ஒரு ரெஜிமெண்டில் பத்துப் பெருமாள் இருப்பர். அவர்களைப் பிரித்துக் காட்டியது படை எண் ஒன்றே. அதனால்தான் எண்ணில்லாமல் எழுதும் கடிதத்துக்குப் பயன் இல்லை என்றோம்.

முதல் உலகப் போரின் பதிவுகளுக்கு வருவோம். பிரிட்டிஷ் படையின் சாதாரண வீரர் ஏடுகள் இலண்டன் வால்வொர்த் பகுதியில் ஒரு கிடங்கில் இருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மானியர் குண்டு வீச்சில் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை எரிந்தன. எஞ்சியவை கியூ நகரிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'எரிந்த ஏடுகள்' என்று பெயர் பெற்றுக் கிடக்கின்றன. 1760 முதல் 1913 வரை ஓய்வூதியம் பெற்ற வீரர்களின் ஏடுகளும் அங்கேயே உண்டு. பிற்காலத்து வீரர் ஏடுகளும் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அங்கே மாற்றப்படலாயின. வழிகாட்டிகள் விரித்துப் பேசுவது இவற்றைப் பற்றியே. இவை பிரிட்டிஷ் படையின் ஏடுகள். இந்தியப் படையின் ஏடுகள் அல்ல. யூரேசியக் குடும்பத்தார்க்கும், வெள்ளைச் சிப்பாயை மூதாதையாக உடையவர்க்கும் இவை பயன்படும். கோலா பிலாத் தமிழர் பெரும்பாலோர்க்கு இந்த வாயில் திறந்திருந்தும் உள்ளே ஒன்றும் இல்லை.

அவர்களுக்குப் பயன்படுவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு. 1917-இல் ஏற்பட்ட இந்த ஆணையம், போரில் மாண்டவர் ஒவ்வொருவர் பெயரையும் சமமாகப் பொறிப்பது என்ற கொள்கையோடு தொடங்கிற்று. கொள்கை முழுவதும் காக்கப்படவில்லை. பஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் எல்லாருடைய பெயரும் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயரும் பொறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களோ, படையின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நின்றனர். நானிங் போரில் கண்ட அதே கணக்கு, தொண்ணூறு ஆண்டு கழிந்தும் மாறவில்லை. இத்தகைய வேறுபாடுகளை ஆராய்ந்து ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. பஞ்சாபில், முதற் போருக்குப் பின் ஊர் ஊராகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021-இல் வெளிச்சத்துக்கு வந்தன. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் விவரம் அவற்றில் உண்டு. பஞ்சாபியர் ஊர்ப்பெயரைச் சொல்லித் தேடலாம். சென்னை மாகாணத்தார்க்கு அப்படி ஒரு ஏடு கைக்கு வரவில்லை. பதக்க விளிம்பே கைகொடுக்க வேண்டும். அப்போரின் பதக்கங்களிலும் பெயர் வெட்டப்பட்டிருக்கும். வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் பதக்கம் இருந்தால், பாட்டன் ஆயுதம் ஏந்தாத தொழிலாளர் அணியில் இருந்தார் என்று கொள்ளலாம். அதனைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாம் போரில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் வீரர்க்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் வெட்டவில்லை. செலவு மிகுதி என்றது. இந்திய அரசாங்கமோ பெயர் வெட்டிக் கொடுத்தது. எனவே இங்கு மட்டும் வெள்ளைக்காரன் பேரனைவிடத் தமிழன் பேரனுக்கு வழி சற்று எளிது. மாண்டவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் 1957-இல் திறக்கப்பெற்ற நினைவுச் சுவரில் உள்ளன. 24,000-க்கு மேற்பட்ட பெயர்களில் இந்தியப் படையினர் பலர். சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்க்குத் தனி நினைவிடம் அங்கே உண்டு. ஆணையத்தின் பதிவில் பலருக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா ஆகியவையும் காணப்படும். தைப்பிங் கல்லறையில் 850-க்கு மேற்பட்டோர் உறங்குகின்றனர்; அவர்களில் 500-க்கு மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படாதவர்.

மலாயாவிலேயே சேர்ந்தவர் கதை வேறு. கூட்டு மலாய் நாடுகளின் தொண்டர் படையில் மூன்றாம் பட்டாளம் நெகிரி செம்பிலானுக்குரியது. அதில் மாண்டவர் பெயரும் கிராஞ்சியில் தேடத்தக்கது. அதனினும் பெரிய குழப்பம் இந்திய தேசிய இராணுவத்தால் வருவது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17-இல் பாரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் பலர் தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர்; பின்னர்த் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பழைய சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றாகப் பிரித்தனர். கருப்பு என்று முடிவானவர் சம்பள பாக்கி இழந்து நீக்கப்பட்டார். ஒருவரின் படை ஏடு 1942-க்குப் பின் திடீரென்று நின்றுபோய், ஓய்வூதியமும் இல்லையென்றால், காரணம் இதுவாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து நேரே நேதாஜியின் படைக்குப் போனவர்க்கோ பிரிட்டிஷ் ஏடு இருக்கவே முடியாது. அவர் பெயரை இலண்டனில் தேடுவது, பகைவன் கணக்கில் நம் வரவைத் தேடுவதாகும். நிழற்படத்தில் தொப்பியும் தோள்பட்டைச் சின்னமும் தெளிவாக இருந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். ஆதலால் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். படம் எடுத்த நிலையத்தின் முத்திரை, ஊர், சில வேளை ஆண்டும் அங்கே இருக்கும்.

இவற்றையெல்லாம் தமிழ்ப்பள்ளி மாணவர் கையில் ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள முதியவர் உயிரோடிருக்கும்போதே அவர் வாய்மொழியை எழுதிக்கொள்ளல் வேண்டும்: பாட்டன் எந்த ஊரிலிருந்து சேர்ந்தார், எந்தக் கப்பலில் வந்தார், எந்தெந்த ஊர்ப்பெயரை அடிக்கடி சொல்வார். பஸ்ரா என்றோ ரங்கூன் என்றோ மண்டபம் என்றோ ஒரு பெயர் விழுந்தால் அதுவே திசைகாட்டி. பணிவிடுப்புச் சீட்டு கிடைத்தால் பொன் கிடைத்தது போல. அதில் எண் இருக்கும், உடலடையாளம் இருக்கும், கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெரும்பாலும் பெருவிரல் ரேகை இருக்கும்.

ஆனால் ஒரு வகுப்பார்க்கு இவ்வழிகளில் எதுவும் பயன்படாது. 1942-க்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளரைக் குடும்பத்தார் சில வேளை 'ஜப்பான்காரன் பட்டாளத்துக்குப் போனார்' என்று சொல்வதுண்டு. அவர்கள் எந்தப் படையிலும் இல்லை. காஞ்சனபுரிக் கல்லறையில் 6,900-க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் நினைவுகூரப்படுகின்றனர். அதே பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கு எண்ணும் இல்லை, ஏடும் இல்லை. அவர்கள் பெயர் கடைசியாக எழுதப்பட்டது தோட்டத்துச் செக்ரோலில். பழைய தோட்ட அலுவலகங்கள் மூடப்பட்டபோது அந்தப் புத்தகங்கள் பழைய காகிதமாக எடைக்குப் போயின. எங்கேனும் ஒரு கிராணியின் வீட்டில், ஒரு கோயில் நிர்வாகியின் அலமாரியில் இரண்டொன்று தங்கியிருக்கக்கூடும். கோலா பிலா, பகாவ், ஜுவாசே பக்கத்து ஆசிரியர்கள் முதலில் அவற்றைத் தேடிப் படியெடுத்து வைப்பார்களானால், இலண்டனுக்கும் எழும்பூருக்கும் எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.